சீ ஹாக்: நேர் இறக்கையும் சின்னத் தளமும்

"தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்காக இந்தியா வாங்கிய சீ ஹாக் ஜெட் போர் விமானம் வாங்கிய நாளிலேயே காலாவதியானது என்கிறார்கள். அப்படியானால் 1971 போரில் ஒரு விமானத்தைக்கூட இழக்காமல் அது எப்படி வேலையை முடித்தது? இதில் எது உண்மை?" என்பது கேள்வி. இரண்டுமே உண்மைதான். ஆனால் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறக்கும் போர் விமானத்தை அதன் வேகத்தையும் துப்பாக்கியையும் மட்டும் வைத்து எடைபோட முடியாது. கப்பலின் நீளம், கொதிகலனின் நீராவி, அன்றைக்குக் கடலில் வீசும் காற்று ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது நல்ல விமானமா இல்லையா என்பது விளங்கும். சீ ஹாக்கின் கதையை அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரிட்டனின் ஹாக்கர் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் சிட்னி காம். ஹரிக்கேன் விமானத்தை வடித்தவர் அவர்தான். அவர் குழு அப்போது உருவாக்கிக் கொண்டிருந்த விசிறி வகை ஃபியூரி விமானத்தில், ரோல்ஸ்-ராய்ஸ் புதிதாகச் செய்த நீன் என்னும் ஜெட் எஞ்சினைப் பொருத்தினால் என்ன என்ற யோசனையிலிருந்தே இந்த விமானம் கிளைத்தது. எஞ்சினை உடலின் நடுவில் வைத்தால் எரிந்த வாயுவை வால் வரைக்கும் நீண்ட குழாயில் கொண்டுபோக வேண்டும். குழாய் நீள நீள உந்துவிசை வீணாகும். காம் குழுவினர் அந்தக் குழாயை எஞ்சினுக்குப் பின்னாலேயே இரண்டாகப் பிரித்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தில், பின் விளிம்பில், பக்கத்துக்கு ஒரு வாயாகத் திறந்துவிட்டார்கள். காற்று உள்ளே போகும் வாய்களும் இறக்கை உடலோடு சேரும் அதே இடத்தில்தான், முன் விளிம்பில். வால் பகுதி முழுவதும் இதனால் காலியானது. அந்த இடத்தில் ஒரு எரிபொருள் தொட்டி, எஞ்சினுக்கு முன்னால் இன்னொன்று என்று வைத்ததால், எரிபொருள் தீரத் தீர விமானத்தின் எடைச் சமநிலையும் அதிகம் குலையவில்லை. பார்வைக்குச் சின்ன மாற்றம்; ஆனால் தூரம் பறக்க வேண்டிய கடற்படை விமானத்துக்கு அந்த வால் தொட்டி பெரிய வரவு.

பி.1040 என்று பெயரிடப்பட்ட முதல் மாதிரி விமானம் 1947 செப்டம்பர் 2 அன்று பில் ஹம்பிள் ஓட்ட, போஸ்கம் டவுன் தளத்திலிருந்து பறந்தது. கையில் ஏற்கெனவே மீட்டியோர், வாம்பயர் விமானங்கள் இருந்ததால் பிரிட்டிஷ் விமானப்படை அதில் அக்கறை காட்டவில்லை. கடற்படைதான் ஆதரித்தது. தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து விமானத்தை நிறுத்தும் வால் கொக்கியும், மடிக்கக்கூடிய இறக்கையும் பூட்டிய கடற்படை மாதிரி சரியாக ஓராண்டு கழித்து, 1948 செப்டம்பர் 3 அன்று பறந்தது.

காலாவதி என்ற குற்றச்சாட்டு இந்தத் தேதிகளிலிருந்தே புறப்படுகிறது. பி.1040 பறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1947 அக்டோபர் 1 அன்று, அமெரிக்காவின் சேபர் ஜெட் போர் விமானம் பறந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் சோவியத் ஒன்றியத்தின் மிக்-15 பறந்தது. இரண்டும் இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தவை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று கொடுக்கும் எதிர்ப்பைத் தள்ளிப்போட அந்தச் சாய்வு உதவும். சீ ஹாக்கின் இறக்கையோ நேராகவே நின்றது. வேடிக்கை என்னவென்றால், மிக்-15 விமானத்தின் எஞ்சினே பிரிட்டன் சோவியத் ஒன்றியத்துக்கு விற்ற நீன் எஞ்சினைப் பார்த்துச் செய்ததுதான். அமெரிக்கக் கடற்படையின் பாந்தர் விமானத்திலும் உரிமம் பெற்றுச் செய்த நீன்தான் இருந்தது. கொரியப் போரில் இரு தரப்பு ஜெட்களும் நீன் வம்சத்து எஞ்சினோடு மோதிக்கொண்டிருக்க, அதைப் பெற்றெடுத்த நாட்டின் கடற்படை விசிறி வைத்த சீ ஃபியூரியோடு அங்கே சண்டை போட்டது. சீ ஹாக் முதல் படையணிக்குப் போனது 1953 மார்ச்சில்.

இவ்வளவு தாமதத்துக்குத் தொழிற்சாலையும் ஒரு காரணம். முதல் உற்பத்தி விமானம் பறந்தது 1951 நவம்பரில். அதற்குள் ஹாக்கர் நிறுவனத்தின் கவனமெல்லாம் சாய்ந்த இறக்கை கொண்ட ஹன்டருக்குப் போய்விட்டது. 35 சீ ஹாக்குகளைச் செய்துவிட்டு, மிச்ச வேலையைக் கவென்ட்ரியிலிருந்த ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 540 விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கவென்ட்ரியின் கைவேலை.

ஆனால் அந்த நேர் இறக்கை கடலில் செய்ததென்ன என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஜெட் விமானத்தைக் கப்பலில் முதன்முதலாக இறக்கியவர் எரிக் பிரவுன். 1945 டிசம்பர் 3 அன்று, ஓஷன் என்ற கப்பலில், வாம்பயர் விமானத்தோடு. இறங்க முடியும் என்பது அன்றே நிரூபணமாயிற்று; தினந்தோறும் சாதாரண விமானிகள் ஆபத்தில்லாமல் இறங்க முடியுமா என்பதுதான் அடுத்த பத்தாண்டுகளின் கேள்வி. விசிறி விமானத்தில் எஞ்சினைத் திருகினால் உடனே இழுவிசை கிடைக்கும். அந்தக் காலத்து ஜெட்டிலோ விசையைத் தள்ளிய பிறகு எஞ்சின் சுழற்சி ஏறுவதற்குச் சில விநாடிகள் ஆகும். நேரான தளத்தில் கொக்கி கம்பியைப் பிடிக்கத் தவறினால், முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களைக் காக்கும் வலைத் தடுப்பில் போய் விழுவதைத் தவிர வழியில்லை. சக்கரமே இல்லாத விமானத்தை ரப்பர் மெத்தைபோன்ற தளத்தில் வயிற்றால் இறக்கும் சோதனையைக்கூட பிரிட்டிஷ் கடற்படை வாரியர் கப்பலில் செய்து பார்த்தது என்றால் அவர்கள் தவிப்பு எவ்வளவு என்று புரியும்.

தவிப்புக்குத் தீர்வாக மூன்று கண்டுபிடிப்புகள் வந்தன, மூன்றும் பிரிட்டனிலிருந்தே. டென்னிஸ் கேம்பெல் 1951-ல் சொன்ன யோசனை, இறங்கும் தளத்தைக் கப்பலின் நீள அச்சுக்குச் சற்றே கோணமாக வைப்பது. கம்பி தவறினால் விமானி விசையைக் கூட்டிக்கொண்டு இடப்பக்கமாகப் பறந்து போய் மறுபடி வரலாம். கொலின் மிச்செல் உருவாக்கியது நீராவியால் விமானத்தை எறியும் கவண். மூன்றாவது நிக் குட்ஹார்ட்டின் கண்ணாடி. அவர் அதை விளக்கிய விதம் இன்றும் சொல்லப்படுகிறது: ஒரு சிறு முகக்கண்ணாடியில் உதட்டுச் சாயத்தால் குறுக்கே கோடு கிழித்து, அதன் முன்னால் ஒரு விளக்கை வைத்து, விளக்கின் பிம்பம் கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே நடந்து வரும்படி அலுவலகச் செயலரான பெண்ணிடம் சொன்னாராம், அவர் நேராக நடந்து வந்து, முகவாயை மேசை விளிம்பில் வைத்து நின்றார். கப்பலில் அதே தத்துவம்தான். கண்ணாடியில் தெரியும் ஒளிப்பந்தைப் பக்கத்திலுள்ள பச்சை விளக்கு வரிசையோடு ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு இறங்கினால் கொக்கி கம்பி இருக்கும் இடத்தில் தானே வந்து நிற்கும்.

இந்த மூன்றும் நடைமுறைக்கு வந்த ஆண்டுகளில்தான் சீ ஹாக்கும் வந்தது. அதன் நேர் இறக்கை குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கும். அதனால் இறங்கும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கம்பியின் மீதும் கொக்கியின் மீதும் விழும் இழுப்பு பெருமளவு குறையும், ஏனென்றால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. முன் சக்கரம் இருந்ததால் விமானம் தளத்தில் மட்டமாக நின்றது. சீ ஃபியூரியின் நீண்ட மூக்கு விமானியின் கண்ணை மறைத்ததால் அவர் வளைந்து வளைந்து இறங்க வேண்டியிருந்தது. சீ ஹாக்கின் விமானியோ கிட்டத்தட்ட மூக்கு நுனியிலேயே உட்கார்ந்து தளம் முழுவதையும் பார்த்தார். அது விமானிகளுக்குப் பிடித்த விமானமாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வானத்தில் அதைவிட வேகமான விமானங்கள் ஏராளம்.

போர்க்களத்தில் அதன் முதல் பெரிய வேலை 1956 நவம்பரில் சூயஸில். ஈகிள், ஆல்பியன், புல்வார்க் ஆகிய மூன்று கப்பல்களிலிருந்தும் சீ ஹாக் படையணிகள் எகிப்தின் விமான தளங்களைத் தாக்கின. அங்கே அது செய்தது வான் சண்டை அல்ல, தரைத் தாக்குதல். 20 மி.மீ. பீரங்கிகள் நான்கு, இறக்கைக்கு அடியில் வெடிகுண்டுகள் அல்லது ராக்கெட்டுகள் என்ற வகையில் எதிரி விமானத்தைத் துரத்தும் வேலையிலிருந்து தரையைத் தாக்கும் வேலைக்கு அது ஏற்கெனவே நகர்ந்திருந்தது. பிரிட்டன் 1960 முடிவதற்குள் அதை முன்வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டது. நெதர்லாந்து 22 விமானங்களை வாங்கி, விக்ராந்தின் அளவே உள்ள கரெல் டோர்மன் கப்பலில் பறக்கவிட்டு, சைட்வைண்டர் ஏவுகணையையும் பொருத்திக்கொண்டது. விமானந்தாங்கிக் கப்பலே இல்லாத மேற்கு ஜெர்மனியின் கடற்படையும் 68 விமானங்களை வாங்கித் தரையிலிருந்து ஓட்டியது.

இந்தியாவின் முறை இப்போதுதான் வருகிறது. போர் முடிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்ட ஹெர்க்குலிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை இந்தியா 1957-ல் வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் கோணத் தளம், நீராவிக் கவண், இறங்கு கண்ணாடி மூன்றையும் பொருத்திக் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் என்ற பெயரில் சேவையில் சேர்த்தது. சீ ஹாக்குகளில் முதல் கட்டமாக 24 கேட்கப்பட்டன. வெள்ளைப் புலிகள் என்று பெயர்பெற்ற 300-ஆம் படையணி 1960 ஜூலையில் பிரிட்டனின் பிராடி தளத்தில் தொடங்கப்பட்டது. சீ ஹாக்கை முதன்முதலில் பெற்ற பிரிட்டிஷ் படையணி இருந்த அதே தளம். 1961 மே 18 அன்று விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் ஆர். எச். தஹிலியானி. பின்னாளில் 1984 முதல் 1987 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவரே. பிற்பாடு, மேற்கு ஜெர்மனி கழித்துக் கட்டிய சீ ஹாக்குகளில் 28-ஐயும் இந்தியா வாங்கிக்கொண்டது. ஜெர்மானியர் அவற்றுக்குப் பதிலாக ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்க ஜெட்டுக்கு மாறியிருந்தார்கள்.

அப்படியானால் பிரிட்டன் கைவிடும் விமானத்தை இந்தியா ஏன் எடுத்தது? கப்பலைக் கேட்டால் பதில் கிடைக்கும். விக்ராந்தின் முழு எடை சுமார் 19,500 டன். தளத்தில் இறங்கும் விமானத்தின் எடை சுமார் 9 டன்னுக்கு மேல் போகக் கூடாது. சீ ஹாக் முழுச் சுமையோடும் 7.3 டன்தான். பிரிட்டன் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட சிமிட்டரோ முழுச் சுமையில் 15 டன்னைத் தாண்டும். சந்தையில் புதியது எது என்று பார்த்து வாங்கியிருந்தால் அது விக்ராந்தின் கம்பியை அறுத்திருக்கும். இந்தப் பொருத்தத்தை வைத்துக் கொள்முதலை முழுக்க நியாயப்படுத்திவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விக்ராந்தின் வகுப்பைச் சேர்ந்த மெல்போர்ன் கப்பலில் ஆஸ்திரேலியா 1960களின் கடைசியிலேயே அமெரிக்க ஸ்கைஹாக்கை ஓட்டத் தொடங்கிவிட்டது. 1960-ல் சீ ஹாக் சரியான தேர்வு. 1971 வரைக்கும் அதே விமானத்தோடு இருக்க நேர்ந்தது வேறு கதை.

1965 போரின்போது விக்ராந்த் பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்ததால் சீ ஹாக்குக்குக் கடலில் வேலையில்லை. கப்பலை மூழ்கடித்துவிட்டோம் என்று பாகிஸ்தான் தரப்பு பரப்பிய செய்திக்கும், கடற்படைக்குள் பல ஆண்டுகள் உறுத்திய சங்கடத்துக்கும் அந்த ஓய்வே காரணம். 1971-லும் அதுவே மறுபடி நடக்கவிருந்தது: நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல்.

கொதிகலனின் விரிசலுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்பது, ஒரு முறை ஏவப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். விமானம் கவணின் தடத்துக்கு மேல் வந்து நிற்கிறது. வயிற்றுப் பக்கத்திலுள்ள கொக்கிகளில் எஃகு வடத்தைக் கவட்டைபோல் மாட்டி, அதன் நடுவைக் கவணின் முனையில் பூட்டுகிறார்கள். பின்பக்கத்தைத் தளத்தோடு பிணைத்திருக்கும் கட்டில், குறிப்பிட்ட இழுப்பில் முறிந்துபோகும்படி செய்த ஒரு வளையம் இருக்கிறது. விமானி எஞ்சினை முழு விசைக்கு ஏற்றிவிட்டுச் சைகை காட்டுகிறார், தளத்து அதிகாரியின் கொடி தாழ்கிறது, உருளைகளுக்குள் நீராவி பாய்கிறது, வளையம் முறிகிறது, சில விநாடிகளில் விமானம் கப்பலின் முன்விளிம்பைத் தாண்டிவிடுகிறது, வடம் கழன்று விழுகிறது. அந்த நீராவி கப்பலை ஓட்டும் அதே கொதிகலன்களிலிருந்து வருவது. இறக்கையைத் தாங்குவதற்கு வேண்டிய எதிர்க்காற்றைத் தருவதும் கப்பலின் ஓட்டமே. ஒரு கொதிகலன் குறைந்தால் கவணுக்கும் தட்டுப்பாடு, காற்றுக்கும் தட்டுப்பாடு. கடல் காற்றும் அடங்கிப் போனால் விமானத்தின் குண்டையோ எரிபொருளையோ குறைத்துத்தான் அனுப்ப வேண்டும். கனமான விமானம் அங்கே இருந்திருந்தால் அது தளத்திலேயே நின்றிருக்கும். இலேசான, மெதுவாகவும் மிதக்கத் தெரிந்த சீ ஹாக் அந்த நொண்டிக் கப்பலிலிருந்தும் கிளம்பியது. பழைய இறக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

கப்பலை மேற்குக் கரையிலிருந்து விலக்கி வங்கக் கடலுக்கு அனுப்பியதும் இதே கணக்கில்தான். கராச்சிப் பக்கம் சேபர், மிராஜ், ஸ்டார்ஃபைட்டர் எல்லாம் காத்திருந்தன. கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1971-ன் நடுப்பகுதியில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்திருந்த விக்ராந்தை, அவர் போருக்கு முன் அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் விரிகுடாவில் கொண்டுபோய் ஒளித்தார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினம் பக்கத்தில் விக்ராந்தாக நடிக்கவைத்தார். விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இன்றும் ஒத்துப்போவதில்லை.

டிசம்பர் 4 காலையில் கேப்டன் சுவராஜ் பிரகாஷின் தலைமையில் இருந்த விக்ராந்திலிருந்து எட்டு சீ ஹாக்குகள் கிளம்பிக் காக்ஸ் பஜார் விமான தளத்தைத் தாக்கின. அன்று பிற்பகலே சிட்டகாங் தாக்கப்பட்டது. அடுத்த நாள்களில் குல்னா, சால்னா, மோங்லா என்று ஆற்று முகத்துவாரங்களிலும் துறைமுகங்களிலும் இருந்த கப்பல்களும் படகுகளும் எரிபொருள் கிடங்குகளும் இலக்காயின. பகலில் சீ ஹாக். இரவில் விக்ராந்தின் இன்னொரு விமானமான பிரெஞ்சு அலிஸே. படையணியை வழிநடத்திய லெப்டினன்ட் கமாண்டர் எஸ். கே. குப்தாவுக்கும் கேப்டன் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. கிழக்கு வங்கத்தில் இருந்த பாகிஸ்தான் படை கடல் வழியாக வெளியேறவோ புது உதவி பெறவோ இயலாமல் போனதில் இந்தத் தாக்குதல்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் 'ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை' என்பதை விமானத்தின் பெருமையாக மட்டும் எழுதுவது சரியல்ல. கிழக்கில் பாகிஸ்தானிடம் இருந்தது ஒரே ஒரு சேபர் படையணி; அது இருந்த டாக்கா தேஜ்கான் ஓடுபாதையை இந்திய விமானப்படை முதல் சில நாள்களிலேயே குண்டு போட்டு முடக்கிவிட்டது. அதற்குப் பிறகு சீ ஹாக்கை வானத்தில் எதிர்க்க ஆளில்லை. தரையிலிருந்து சுட்டவர்கள்தான் மிச்சம். அதே சீ ஹாக் அரபிக் கடலில், கராச்சிக்கு எதிரே ஸ்டார்ஃபைட்டரைச் சந்தித்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். அங்கே கடற்படை விமானத்தை நம்பாமல் ஏவுகணைப் படகுகளை இரவில் அனுப்பியது. இதை அறிந்தே கப்பலைக் கிழக்குக்கு அனுப்பியவர்களைத்தான் நான் அதிகம் பாராட்டுவேன்.

போருக்குப் பின் சீ ஹாக் ஏழு ஆண்டுகள்கூடத் தளத்தில் இல்லை. விக்ராந்திலிருந்து அது கடைசியாகப் பறந்தது 1978 மே 9. வெள்ளைப் புலிகளுக்கு 1983 டிசம்பரில் சீ ஹாரியர் வந்தது. ஹாக்கர் குடும்பத்தில் பிறந்ததுதான் அதுவும். செங்குத்தாக இறங்குவதால் கம்பியே வேண்டாம், குறுகிய தூரம் ஓடி எழுவதால் கவணும் வேண்டாம். பின்னாளில் விக்ராந்தின் கவணைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தைச் சரிவாக உயர்த்திக் கட்டினார்கள்.

கோவாவில் டபோலிம் விமான நிலையத்துக்கு அருகே, போக்மாலோ சாலையில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒரு சீ ஹாக் நிற்கிறது. பின்னால் போய் வாலைப் பாருங்கள்: அங்கே புகைவாய் இருக்காது, கொக்கி மட்டும்தான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், பின் விளிம்பில், கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டு வாய்கள் தெரியும். ஏவுவதற்கான வடத்தை மாட்டிய கொக்கிகளைக் காணக் குனிந்து வயிற்றுப் பக்கம் தேட வேண்டும்.